ராக் கச்சேரி டிக்கெட் விலை: யார் ஏற்றுகிறார்கள், எங்கே பிடித்து நிறுத்தலாம்?

ஆறாம்தந்தி

டிக்கெட் விலை என்று பேச்செடுத்தாலே டிக்கெட் விற்கும் அமெரிக்க நிறுவனமான டிக்கெட்மாஸ்டரைத் திட்டுவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. திட்டுவதற்குக் காரணம் நிறையவே இருக்கிறது. ஆனால் விலை எந்தக் கையில் எவ்வளவு ஏறுகிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் பிரிட்டிஷ் ராக் குழுவான ஒயாசிஸ். 2024 ஆகஸ்ட் 31 அன்று பொது விற்பனை. நின்று பார்க்கும் பகுதிக்கு சுமார் 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்களுக்குக் கடைசிப் பக்கத்தில் 355 பவுண்டு என்று வந்தது. அதே மைதானம், அதே புல்தரை. எடு அல்லது விடு என்று சில நிமிடக் கெடு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து விற்றவை சுமார் 14 லட்சம் டிக்கெட். 158 நாடுகளிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் சேர்ந்ததாக அமைப்பாளர்களே சொன்னார்கள்.

நான் பார்க்கிற வரையில் நாம் கொடுக்கும் பணம் மூன்று அடுக்கு. அச்சிட்ட விலையை பேண்டும் மேனேஜரும் கச்சேரியை நடத்தும் புரமோட்டரும் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அதன் மேல் ஏறும் சர்வீஸ் சார்ஜ், அரங்கக் கட்டணம் எல்லாம் அரங்கத்துக்கும் டிக்கெட் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தில் வருகிறது. அதில் பெரும்பங்கு அரங்கத்துக்கே திரும்பிப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. மூன்றாவது, பிளாக்கில் மறுவிற்பனை. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

சண்டையும் புதிதல்ல. 1994-ல் பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழு கேட்டது ரொம்ப எளிமையானது: டிக்கெட் 18 டாலர், அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 1.80 டாலரைத் தாண்டக்கூடாது. அந்தக் கோடைகாலச் சுற்றுப்பயணத்தையே கைவிட்டார்கள். குழுவின் ஸ்டோன் கொஸார்டும் ஜெஃப் அமெண்டும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1995 ஜூலையில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் நடவடிக்கை ஏதும் எடுக்காமலே விசாரணையை மூடியது. 2010-ல் டிக்கெட்மாஸ்டரும் கச்சேரி நடத்தும் லைவ் நேஷன் நிறுவனமும் ஒன்றானபோது, புரமோட்டர், அரங்கம், டிக்கெட் விற்பனை மூன்றும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. அதைப் பிரிக்கச் சொல்லி அதே நீதி அமைச்சகம் 2024 மே மாதம் வழக்குப் போட்டது. நடுவில் முப்பது வருடம் போய்விட்டது.

பேரேடு

நல்ல தொடக்கம். ஆனால் முதல் அடுக்கு, அதாவது அச்சிட்ட விலை, ஏறுவதே அநியாயம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன், நண்பரே.

ஒரு கணக்குப் போடுவோம். அச்சிட்ட விலை 100 டாலர். வாங்க ஆசைப்படுபவர்கள் பத்துப் பங்கு. அந்த டிக்கெட் உடனே மறுவிற்பனைத் தளத்தில் 250-க்கு ஏறுகிறது. நடுவில் உள்ள 150 யாருக்குப் போகிறது? பாட்டு எழுதியவனுக்கு இல்லை, டிரம்ஸ் வாசித்தவனுக்கு இல்லை, லைட் தூக்கியவனுக்கு இல்லை. இருபது கணக்கும் பத்து கிரெடிட் கார்டும் வைத்திருப்பவனுக்கு. இதைப் பார்த்துக்கொண்டு பேண்ட் ஏன் 100-லேயே நிற்க வேண்டும்?

2022-ல் அமெரிக்க ராக் பாடகர் ஸ்ப்ரிங்ஸ்டீன் டிக்கெட் 5,000 டாலர் வரை போனதை எல்லோரும் சொல்கிறார்கள். அப்போது டிக்கெட்மாஸ்டர் வெளியிட்ட கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தேவைக்கேற்ப விலை மாறிய பிளாட்டினம் டிக்கெட்டுகள் 11 சதவீதம்தான். மீதி எல்லாம் நிலையான விலை, கட்டணம் சேர்க்காமல் 59.50 முதல் 399 டாலர் வரை. விற்றவற்றின் சராசரி 202 டாலர்.

இன்னொன்று, வருமானம் இடம் மாறிவிட்டது. அமெரிக்காவில் இசைத்தட்டு, சிடி விற்பனை 1999-ல் உச்சம் தொட்டு, பதினைந்து வருடத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது. முன்பு ஆல்பம் விற்கச் சுற்றுப்பயணம் போனார்கள். இப்போது சுற்றுப்பயணமே பிழைப்பு. கச்சேரித் தொழில் இதழான போல்ஸ்டார் கணக்கில் உலகின் முதல் 100 சுற்றுப்பயணங்களின் சராசரி டிக்கெட் விலை 2024-ல் சுமார் 136 டாலர். சிடியில் போன பணம் வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

ஈஸ்ட்ஹாம்வாசி

ஒயாசிஸ் விஷயத்தில் ஒரு திருத்தம், இது முக்கியம். அங்கே நடந்தது, பலர் நினைப்பது போல, விமான டிக்கெட் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் விலை இல்லை. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் விசாரித்தபோது அப்படி ஒரு கணினி நிரல் ஓடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தது இதுதான்: நின்று பார்க்கும் டிக்கெட்டையே முன்கூட்டி இரண்டு விலையில் பிரித்து வைத்திருந்தார்கள். மலிவான கட்டு தீர்ந்ததும் விலை கூடிய கட்டு திறந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு இரண்டு கட்டு இருப்பதையே சொல்லவில்லை. இருக்கை டிக்கெட்டுகளில் சிலவற்றுக்கு பிளாட்டினம் என்று பெயர் சூட்டி ஏறத்தாழ இரண்டரை மடங்கு விலைக்கு விற்றார்கள். அதே பகுதியில் இருந்த சாதாரண இருக்கையை விட அதில் கூடுதலாக எதுவும் கிடையாது.

இதனால் என்ன வித்தியாசம் என்றால், விலை மாறுவதைத் தடை செய் என்று கேட்டால் இந்த ஏமாற்று அதில் சிக்கவே சிக்காது. கேட்க வேண்டியது முன்னறிவிப்பு. 2025 செப்டம்பரில் டிக்கெட்மாஸ்டர் ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழியில் அது வந்திருக்கிறது: விலை அடுக்கு இருந்தால் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும், வரிசையில் நிற்கும்போதே விலை விவரம் காட்ட வேண்டும், அதிகப் பயன் உண்டு என்று நினைக்க வைக்கும் பெயர் கூடாது.

பேரேடு சொன்ன கணக்கில் எனக்கு உள்ள கோபம் இதுதான். 355 கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் 355 என்று காலையிலேயே சொல்லியிருந்தால் அது வியாபாரம். நாலு மணி நேரம் காக்க வைத்து, நண்பர்களிடம் பணம் வசூல் பண்ண வைத்து, கடைசி நிமிடத்தில் காட்டினால் அது வேறு.

ரெவர்ப்

மேடைப் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன். செலவு ஏறியதால்தான் விலை ஏறியது என்று புரமோட்டர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதி: ஸ்டேடியம் ஷோவுக்கு மேடையின் எஃகுச் சட்டகம் ஒன்று போதாது. ஒரு ஊரில் ஷோ நடக்கும்போது அடுத்த ஊரில் எஃகு ஏற்றிக்கொண்டிருப்பார்கள், முந்தைய ஊரில் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அயர்லாந்து ராக் குழுவான யு2 2009 முதல் 2011 வரை 360° சுற்றுப்பயணத்தில் நான்கு கால் கொண்ட அந்த ராட்சத மேடையை மூன்று செட் செய்து இப்படித்தான் தாவித் தாவிப் போனார்கள். ஷோ இல்லாத நாளிலும் லாரி வாடகை, ஆட்கள் சம்பளம், ஓட்டல் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சுற்றுப்பயணத் தேதிகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் செலவு எகிறும்.

உண்மை இல்லாத பாதி: அதே யு2 மேடையை மைதானத்தின் நடுப்பக்கமாக வைத்து, வழக்கமாக மேடைக்குப் பின்னால் வீணாகும் இருக்கைகளையும் விற்றார்கள். அதனால் 30 டாலர் அளவில் டிக்கெட்டும் கொடுக்க முடிந்தது. செலவு அதிகம், மலிவு டிக்கெட்டும் உண்டு. ஆக, விலையைத் தீர்மானிப்பது செலவு இல்லை. எத்தனை இருக்கையை எந்த விலையில் வைப்பது என்ற முடிவு.

செலவு கழுத்தை நெரிப்பது நடுத்தர பேண்டுகளை. 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் லாரன்ஸ் என்ற எட்டுப் பேர் குழுவின் கிளைட் லாரன்ஸ் கொடுத்த கணக்கு: டிக்கெட் 30 டாலர், கட்டணம் சேர்த்து ரசிகர் தருவது 42. அதில் குழுவுக்கு வருவது 12. பயணச் செலவு போக மிஞ்சுவது 6. அதை எட்டாகப் பிரிக்க வேண்டும், அதுவும் வரிக்கு முன். ஸ்டேடியம் பேண்டுக்குச் சொல்லும் நியாயத்தை இவர்களுக்கு ஒட்ட வைக்காதீர்கள், இவர்களுக்குச் சொல்லும் நியாயத்தை அவர்களுக்கும் ஒட்ட வைக்காதீர்கள்.

ஆறாம்தந்தி

பேரேடு, உங்கள் 100-க்கு 250 கணக்குக்குப் பதில், தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2023 அமெரிக்கச் சுற்றுப்பயணம். பல ஊர்களில் டிக்கெட் 20 டாலரில் தொடங்கியது. அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் செய்தது மூன்று வேலை. பிளாட்டினம் விலை வேண்டாம் என்றார். முன்பதிவு செய்து தேர்வானவர்களுக்குத்தான் வாங்க வழி என்றார். டிக்கெட்டைக் கைமாற்ற முடியாது, வர முடியாவிட்டால் வாங்கிய விலைக்கே அதிகாரப்பூர்வ இடத்தில் திருப்பி விற்கலாம் என்றார். மூன்றாவதுதான் உயிர்நாடி. கைமாற்ற முடிந்தால் 20 டாலர் டிக்கெட் அன்றே 200 ஆகிவிடும். மலிவு விலை ரசிகனுக்கு வராமல் பிளாக்கில் விற்பவனுக்கு லாபமாகப் போகும். விலையைக் குறைத்து கைமாற்றத்தைத் திறந்து விட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் நடக்காது.

எங்கே பிசகியது என்றும் பார்க்க வேண்டும். ஒன்று, நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் கைமாற்றத்தைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அந்த ஊர்களில் பூட்டுப் போட முடியவில்லை. இரண்டு, இரண்டாவது அடுக்கு: 20 டாலர் டிக்கெட்டுக்கு 20 டாலருக்கு மேல் கட்டணம் ஏறிய ரசீதுகளை ரசிகர்கள் வெளியிட்டார்கள். ஸ்மித் பகிரங்கமாகக் கொதித்தபின், மலிவு டிக்கெட்டுகளுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் டிக்கெட்மாஸ்டர் திருப்பிக் கொடுத்தது. கட்டணம் மாற்ற முடியாத விதி இல்லை என்று அன்றைக்கு வெளிச்சமானது. 2018-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் எடுத்த கணக்கில் இந்தக் கட்டணம் சராசரியாக டிக்கெட் விலையில் 27 சதவீதம், மறுவிற்பனையில் 31 சதவீதம்.

ஃபுகாசி என்ற அமெரிக்க பங்க் குழுவினர் பல வருடம் ஐந்து டாலர் கதவுக் கட்டணத்திலேயே வாசித்தார்கள். ஸ்டேடியம் பேண்டுக்கு அது பொருந்தாது. க்யூர் பொருந்தும்.

ஸ்காபுறோக்காரன்

ஆறாம்தந்தி அண்ணை, சட்டம் போட்டால் சரி எண்டு நினைக்கிற ஆக்களுக்கு கனடாவில எங்கட ஒன்ராறியோ மாகாணத்தின்ர கதையைச் சொல்லவேணும். 2017-ல் டிக்கெற் விற்பனைச் சட்டம் வந்தது. மறுவிற்பனை விலை அச்சிட்ட விலையில இருந்து 50 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு அதில ஒரு பிரிவு. 2018 கோடையில நடைமுறைக்கு வரவிருந்த நேரம் அரசாங்கம் மாறிச்சுது, புது அரசாங்கம் அந்தப் பிரிவை நிறுத்தி வைச்சுது, பிறகு 2019-ல எடுத்தே விட்டுது. ஒருநாள்கூட அது வேலை செய்யேல்லை. அதுக்குப் பிறகு ரொறன்ரோவில ஒரு ராக் ஷோவுக்கு மறுவிற்பனை விலை எவ்வளவு எண்டாலும் போகக்கூடியதாய் இருந்தது.

அந்த நேரம் அரசாங்கம் சொன்ன காரணம், இதை அமுல்படுத்த ஏலாது, வியாபாரம் கள்ளச் சந்தைக்குப் போயிடும் எண்டது. அயர்லாந்து 2021-ல இதைவிடக் கடும் சட்டம் போட்டு, குறிப்பிட்ட அரங்குகளில அச்சிட்ட விலைக்கு மேல விக்கிறதே குற்றம் எண்டு சொல்லிச்சுது. ஏலாது எண்டு சொல்லுறது எவ்வளவு சரி?

பேரேடு

விற்பவன் வேறு நாட்டில் இருந்தால் ஏலாதுதான். சட்டம் டப்ளினில், சர்வர் வேறெங்கோ, விற்பவன் இன்னொரு கண்டத்தில். கடைசியில் வாசலில் மாட்டுவது ஏமாந்து வாங்கிய ரசிகர்தான். ஒயாசிஸ் அமைப்பாளர்கள் அனுமதியில்லாத தளங்களில் விற்ற சுமார் 50,000 டிக்கெட்டை ரத்து செய்வோம் என்றார்களே, அதில் நஷ்டம் யாருக்கு?

ஆனாலும் ஆறாம்தந்தி சொன்ன பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு க்யூரை விட வலுவான உதாரணம் ஒன்றை நானே தருகிறேன், மறைக்க விரும்பவில்லை. ஹெவி மெட்டல் குழுவான ஐயன் மெய்டனின் 2017 பிரிட்டன் சுற்றுப்பயணம். காகித டிக்கெட் கிடையாது; வாங்கிய கார்டும் அடையாள அட்டையும் கொண்டு வந்தால்தான் உள்ளே. இந்த முறை வருவதற்கு முன், அவர்களுடைய 2010-11 சுற்றுப்பயணத்துக்கு விற்பனை தொடங்கியவுடன் மறுவிற்பனைத் தளங்களில் 6,294 டிக்கெட் கிடந்தன. 2017 சுற்றுப்பயணத்துக்கு 207 என்று அவர்களே வெளியிட்டார்கள். விலைக்கு உச்சவரம்பு போடுவதை விட இது மேல். வாசலில் ஆட்களும் நேரமும் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாம்வாசி

பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசைவிழா இதைப் பல வருடமாகச் செய்கிறது. புகைப்படத்தோடு முன்பதிவு, டிக்கெட்டில் அந்தப் படம், கைமாற்றம் கிடையாது, திரும்பி வரும் டிக்கெட் வசந்த காலத்தில் அவர்களே விற்பார்கள். 2025-க்கு 373.50 பவுண்டும் 5 பவுண்டு பதிவுக் கட்டணமும். அதிகமா என்றால் அதிகம்தான். ஆனால் ஐந்து நாளுக்கு, பிளாக் ஏறாத விலை.

பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடை செய்யப் போவதாக அறிவித்தது. தளங்கள் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு வரும் என்றார்கள். பேரேடு சொல்லும் வெளிநாட்டுச் சர்வர் பிரச்சினைக்கு விடை இங்கே: தளத்தையே பொறுப்பாக்குவது. விற்பவனைத் தேடி ஓட வேண்டாம்.

கடைசிவரிசை

இந்தியாவுக்கு இதில் ஏதாவது பொருந்துமா? 2024 செப்டம்பர் 22-ல் பிரிட்டிஷ் குழுவான கோல்ட்ப்ளேயின் மும்பை டிக்கெட் புக்மைஷோவில் திறந்தபோது 1.3 கோடிப் பேர் ஏறினார்கள். 2,500 முதல் 12,500 வரை இருக்கை, 6,450 நிற்கும் இடம், லவுஞ்ச் 35,000. அன்றைக்கே வெளித்தளங்களில் லட்சக்கணக்கில் விலை. இந்தப் பிளாக்குக்கு எதிரான பொதுநல வழக்கையும் 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டம் இல்லாத ஊரில் ரசிகர் தன் பக்கம் என்னதான் செய்யலாம்? நேரடியாகச் செய்யக் கூடியதாகச் சொல்லுங்கள்.

ரெவர்ப்

இணைய வரிசையில் இருந்து தொடங்குகிறேன், அங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். காத்திருப்பு அறை விற்பனைக்குச் சற்று முன் திறக்கும். விற்பனை நேரம் தொடங்கும்போது அறையில் இருக்கும் எல்லோருக்கும் பெரும்பாலான தளங்கள் குலுக்கல் முறையில்தான் வரிசை எண் தரும். விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருப்பதால் பயன் இல்லை. தொடங்கும் நேரத்துக்குப் பின்னால் வந்தால்தான் கடைசிக்குப் போவீர்கள். ஒரே கணக்கை ஐந்து தாவலில் திறந்தாலும், விபிஎன் போட்டாலும் பாட் (தானாக வாங்கும் கணினி நிரல்) என்று சந்தேகித்து வெளியே தள்ளும். நாலு பேர் சேர்ந்து போவதாக இருந்தால் நாலு பேரும் தனித்தனிக் கணக்கில், தனித்தனி இணைய இணைப்பில் நில்லுங்கள். யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவர் எல்லோருக்கும் எடுக்கட்டும். மும்பைக்கு ஒரு ஆளுக்கு நாலு டிக்கெட் வரை அனுமதி இருந்தது.

கார்டு விவரத்தை முந்தைய நாளே சேமித்துவிடுங்கள். அந்தக் கார்டின் ஒருநாள் இணையவழி வரம்பு எவ்வளவு என்று வங்கிச் செயலியில் பாருங்கள். நாலு டிக்கெட் 25,800 ரூபாய் வரும்போது வரம்பு 20,000 என்றால் அங்கேயே நிற்கும். வெளிநாட்டு ஷோ என்றால் சர்வதேசப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். ஓடிபி வரும் எண் கையில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த டிக்கெட் உங்கள் பெயரில் தளத்தில் நிற்பது சில நிமிடம்தான். பணம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டால் பெரும்பாலும் இருக்கை போய்விடும்.

விலையை எப்போதும் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். 500 ரூபாய்க்கு மேலான கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதன் மேல் பதிவுக் கட்டணம், கூரியர் கட்டணம். ஆர்டருக்கு ஒருமுறை விழும் கட்டணத்தையும் டிக்கெட்டுக்கு ஒருமுறை விழும் கட்டணத்தையும் பிரித்துப் பார்த்தால், சேர்ந்து வாங்குவது எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அமெரிக்காவில் 2025 மே முதல் முழு விலையை முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி.

விஐபி பொட்டலம் என்றால் அதில் இருக்கை எது என்று முதலில் பாருங்கள். கழுத்தில் மாட்டும் அட்டை, ஒரு போஸ்டர், தனி வாசல் என்று மட்டும் இருந்து, இருக்கைப் பகுதி சாதாரண விலைப் பகுதியாக இருந்தால் நீங்கள் கொடுப்பது அட்டைக்கு.

ஈஸ்ட்ஹாம்வாசி

மறுவிற்பனையில் சேர்த்துக்கொள்ள வேண்டியது: பொது விற்பனை தொடங்கும் முன்பே டிக்கெட் பட்டியலில் இருந்தால், விற்பவன் கையில் அது இல்லை. வாங்கித் தருவேன் என்ற நம்பிக்கையில் விற்கிறான். வரிசை எண், இருக்கை எண் இல்லாமல் பகுதி மட்டும் போட்டிருந்தாலும் அதே சந்தேகம். ஸ்கிரீன்ஷாட்டில் வரும் க்யூஆர் குறியீட்டுக்குப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பல செயலிகளில் குறியீடு சில வினாடிக்கு ஒருமுறை மாறும்; மாறாத குறியீடாக இருந்தால் பத்துப் பேருக்கு அதே படம் போயிருக்கலாம், முதலில் வாசலில் காட்டியவர் மட்டும் உள்ளே போவார். கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒயாசிஸுக்கு ட்விக்கெட்ஸ் இருந்தது போல வாங்கிய விலைக்கே விற்கும் அதிகாரப்பூர்வ இடம் இருக்கிறதா என்று பேண்டின் இணையதளத்தில் முதலில் பாருங்கள். தேடுபொறியில் முதலாவதாக வருவது பெரும்பாலும் விளம்பரம்.

கடைசிவரிசை

விற்றுத் தீர்ந்தது என்று போட்ட பிறகு ஷோவுக்கு முந்தைய நாள் திடீரென்று டிக்கெட் வருகிறதே, அது என்ன? ரத்தானவையா?

ரெவர்ப்

சில ரத்தானவை, ஆனால் நல்ல இடங்கள் பெரும்பாலும் நிறுத்தி வைத்தவை. விற்பனை தொடங்கும்போது மேடை எந்த அளவு, ஒலிப்பெருக்கிக் கோபுரம் எங்கே, கேமரா எங்கே என்று முடிவாகி இருக்காது. மறைக்கும் என்று சந்தேகப்படும் இருக்கைகளை விற்காமல் வைப்பார்கள். பேண்ட், ஸ்பான்சர், ரெக்கார்டு நிறுவனம் என்று ஒதுக்கியவையும் உண்டு. மேடை கட்டி முடித்து, ஒவ்வொரு பகுதியாக உட்கார்ந்து பார்த்தபின் மறைக்காதவற்றை அச்சிட்ட விலைக்கே திறந்து விடுவார்கள். ஸ்டேடியத்தில் கட்டுமானம் முடிவது ஷோவுக்கு ஒன்று இரண்டு நாள் முன்பு. அதனால் முந்தைய நாள் மதியத்திலிருந்து அதிகாரப்பூர்வத் தளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், ஒற்றை டிக்கெட்டாகத் தேடுங்கள். ஜோடியாகத் தேடினால் தனியாகக் கிடக்கும் இருக்கை கண்ணில் படாது. பக்கவாட்டுப் பார்வை என்று குறித்திருந்தால் விலை குறைந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். திரை தெரியாமல் போகலாம், ஆனால் கிட்டார்காரர் விரல் தெரியும் தூரமாக அது இருக்க வாய்ப்பு உண்டு.